தீச்சுவரும் அதன் துளைகளும்: வீட்டில் கட்டும் உலோக விமானத்தில் அடைப்பும் பூச்சும்

1. பொருளும் எல்லையும்

ஃபயர்வால் என்ற சொல்லைக் கேட்டால் இன்று யாருக்கும் கணினிதான் நினைவுக்கு வரும். ஒரு வீட்டில் பிடித்த தீ பக்கத்து வீட்டுக்குத் தாவாமல் இருக்க எழுப்பும் சுவருக்கு முதலில் வைத்த பெயர் அது. பிறகு காருக்கும் விமானத்துக்கும் வந்தது. கணினிக்குப் போனது கடைசியில்தான். இக்கட்டுரை நடுவில் உள்ள பொருளைப் பற்றியது: மூக்கில் எஞ்சின் வைத்த சிறு விமானத்தில் எஞ்சினுக்கும் ஓட்டுபவரின் கால்களுக்கும் நடுவே நிற்கும் ஒற்றைத் தகடு. தமிழில் அதைத் தீச்சுவர் என்றே சொல்லலாம். சுவர் என்று சொல்லும் அளவுக்கு அதற்குக் கனம் கிடையாது என்பது வேறு விஷயம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவை அமெரிக்காவில் தனி மனிதர்கள் தங்கள் கார் கொட்டகையில் கட்டும் அலுமினிய விமானங்கள். அங்கே இது பெரிய மரபு. இப்படிக் கட்டுபவர்களின் சங்கமான ஈ.ஏ.ஏ. 1953இல் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கியது. ரிச்சர்ட் வான்குருன்ஸ்வென் 1973இல் ஆரிகன் மாநிலத்தில் தொடங்கிய வான்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி. வகை விமானங்கள் மட்டுமே பத்தாயிரத்துக்கு மேல் இப்படிக் கட்டப்பட்டுப் பறந்திருக்கின்றன. மரம், கண்ணாடியிழை விமானங்களின் தீச்சுவர் வேறு வகை. அவற்றை இங்கே தொடவில்லை.

வாதம் ஒன்றே ஒன்று. தீச்சுவரில் இரண்டு வேறு வேலைகளுக்காக அடைக்கிறோம். ஒன்று, தினமும் எஞ்சின் புகையை உள்ளே விடாமல் இருப்பது. மற்றது, வாழ்நாளில் ஒரு முறை வரக்கூடிய, வராமலே போகக்கூடிய தீயை நிறுத்துவது. முதல் வேலையைச் சீலன்ட் என்னும் அடைப்புப் பசை செய்யும். இரண்டாவதை எஃகுதான் செய்ய வேண்டும். கட்டுபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, முதல் வேலைக்கான பொருளை இரண்டாவதற்கும் போதும் என்று நம்புவதில் பிறக்கின்றன.

2. விதி சொல்வது

2.1 கட்டாயமில்லாத விதி

வீட்டில் கட்டும் விமானம் அமெரிக்கச் சட்டப்படி 'பரிசோதனை' வகை. பெரும்பகுதியைத் தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஒருவர் தானே கட்டியிருந்தால் 21.191 விதியின் 'ஜி' உட்பிரிவில் சான்றிதழ் கிடைக்கும். தொழிற்சாலை விமானங்களுக்கான 23ஆம் பகுதியின் கட்டளைகள் அதைக் கட்டுப்படுத்தாது. மெல்லிய அலுமினியத்தில் தீச்சுவர் செய்தாலும் விதியைக் காட்டி யாரும் தடுத்துவிட முடியாது.

ஆனாலும் கட்டுபவர்கள் அந்த 23ஆம் பகுதியைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். அதிலும் பழைய வாசகத்தை. 2017இல் நடைமுறைக்கு வந்த 64ஆவது திருத்தம் எண்களையெல்லாம் எடுத்துவிட்டு 'இன்ன பலன் கிடைக்க வேண்டும்' என்று பொதுவாகச் சொல்லும்படி அந்தப் பகுதியை மாற்றி எழுதிவிட்டது. பெரிய நிறுவனங்களின் பொறியாளர்களுக்கு அது வசதி. கையில் ட்ரில்லோடு கொட்டகையில் தனியாக நிற்பவருக்கு வேண்டியது எண். அதனால் நீக்கப்பட்ட 23.1191 இன்றும் பட்டறைகளில் உயிரோடு இருக்கிறது.

2.2 கனமும் நிமிடமும்

அந்தப் பழைய விதி, சோதனை இல்லாமலே ஏற்கத்தக்க தகடுகளைச் சொல்கிறது. துருப்பிடிக்காத எஃகு 0.015 அங்குலம். டைட்டேனியம் 0.016. துருவுக்குக் காப்புச் செய்த சாதா எஃகும், ஈயமும் வெள்ளீயமும் கலந்து பூசிய எஃகும், மோனல் உலோகமும் 0.018. துளைகளில் மாட்டும் உறுப்புகள் எஃகிலோ செம்பு சார்ந்த கலவையிலோ இருக்கலாம்.

0.015 அங்குலம் என்பது 0.38 மில்லிமீட்டர். ஒரு கனத்த விசிட்டிங் கார்டு அவ்வளவுதான் இருக்கும். சதுர மீட்டருக்கு எடை போட்டால் துருப்பிடிக்காத எஃகு சுமார் 3 கிலோ, டைட்டேனியம் 1.8 கிலோ, மோனல் 4 கிலோ. விலையையும் வளைக்கும் சிரமத்தையும் பார்த்தால் முதலாவதே கைக்கு வருகிறது. அது நம் வீட்டு எவர்சில்வர்தான்.

வேறு பொருள் வைக்க விரும்பினால் சோதனை செய்ய வேண்டும்: 2000 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 1093 செல்சியஸ் சுடர், 15 நிமிடம், சுடர் மறுபக்கம் வரக்கூடாது. ஒரு சொல் வேறுபாட்டையும் இங்கே கவனிக்க வேண்டும். விதிகளின் முதல் பகுதியில் 'தீயால் அழியாதது' என்பதற்கு எஃகு அளவுகோல். 'தீயை எதிர்ப்பது' என்பதற்கு, தகடு என்று வந்தால், அலுமினியக் கலவைதான் அளவுகோல். எரிபொருள் குழாய் போன்றவற்றுக்குச் சோதனையில் இரண்டாவது தகுதி 5 நிமிடம், முதலாவது 15 நிமிடம். கடைக்காரர் இரண்டையும் 'ஃபயர் ப்ரூஃப்' என்றுதான் சொல்வார்.

15 நிமிடம் எதற்கு? பறந்துகொண்டே இருக்க அல்ல. எரிபொருளை மூடி, இறக்கி, நிறுத்தி, இறங்கி ஓட. 8000 அடி உயரத்திலிருந்து நிமிடத்துக்கு 2000 அடி வீதம் இறங்கினால் தரைக்கு 4 நிமிடம். மிச்சம் உள்ளதெல்லாம் கை நடுக்கத்துக்கும் கதவுத் தாழ்ப்பாளுக்கும்.

3. எவர்சில்வரின் குணம்

அலுமினியச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் வற்றிய பின் அடி உருகிப் போகும். தூய அலுமினியம் 660 செல்சியஸில் உருகும். விமான அலுமினியக் கலவைகள் அதற்கு வெகுமுன்பே, சுமார் 500இல் உருகத் தொடங்கும். வலுவை அதற்கும் முன்பே இழந்துவிடும். எவர்சில்வர் 1400ஐ ஒட்டித்தான் உருகும். 1093 சுடர் அதைச் சிவக்க வைக்கும், துளைக்காது.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எவர்சில்வர் வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி என்பது இதைவிட முக்கியமானது. அலுமினியம் கடத்துவதில் பத்தில் ஒரு பங்குகூடக் கடத்தாது. எவர்சில்வர் பாத்திரத்துக்குச் செம்பு அடி வைப்பது இதனால்தான்: இல்லையென்றால் சுடர் பட்ட இடத்தில் மட்டும் உப்புமா கருகும், ஓரத்தில் வேகாது. தீச்சுவரிலும் இதே கதை. சுடர் படும் இடம் மட்டும் தனித்துச் சிவக்கும். 525 செல்சியஸைத் தாண்டினாலே எஃகு இருட்டில் மங்கலாகச் சிவந்து தெரியும். அந்தச் சிவந்த வட்டத்தின் மறுபக்கம் விமானியின் பக்கம். சுடர் வராது, ஆனால் கதிர்வீச்சாக வெப்பம் வரும். அங்கே ஒட்டியிருக்கும் பசை, பஞ்சு, பெயின்ட், கம்பிக் கற்றை எல்லாம் அதற்குத் தீனி. தீச்சுவர் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கும்போதே கேபினுக்குள் தனியாக ஒரு தீ பிறக்க இடம் உண்டு. 7ஆம் பிரிவில் இதற்குத் திரும்பி வருவோம்.

4. இரண்டு வேலைகள்

4.1 தினசரி வேலை

எஞ்சின் மூடிக்குள் காற்று முன்பக்கத் துளைகளில் புகுந்து, சிலிண்டர்களைக் குளிர்வித்து, கீழே வெளியேறுகிறது. மூடிக்குள் அழுத்தம் அதிகம். கேபின் பெரும்பாலும் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைந்த அழுத்தத்தில் இருக்கும், ஏனென்றால் மேலே ஓடும் காற்று கதவு இடுக்கு, கண்ணாடி ஓரம் வழியாக உள்ளிருப்பதை உறிஞ்சிக்கொண்டே போகிறது. ஆகவே தீச்சுவரில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் காற்று எஞ்சின் பக்கமிருந்து மனிதர் பக்கமே வரும். எதிர்த் திசையில் போகும் என்று நம்பிக்கை வைக்க வேண்டாம்.

புகைபோக்கியில் ஒரு விரிசல் விட்டால் அந்தக் காற்றோடு கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக அதைப் பிடித்துக்கொள்ளும். பழைய 23.831 விதி கேபின் காற்றில் 20,000 பங்குக்கு ஒரு பங்குக்கு மேல் அது இருக்கக்கூடாது என்றது. தூக்கம் வருவது போலத்தான் முதலில் இருக்கும். அதுதான் ஆபத்து.

4.2 ஒருநாள் வேலை

தீ என்று வந்தால் அழுத்தமும் திசையும் அதேதான், வெப்பம் மட்டும் வேறு. எரிபொருள் குழாயின் கழன்ற இணைப்பிலிருந்து பீறிடும் பெட்ரோலோ, சூடான குழாய் மீது சொட்டும் எண்ணெயோ பற்றிக்கொண்டால், மூடிக்குள் ஓடும் காற்று அதற்குத் துருத்தி. முதல் வேலைக்கு 0.1 மில்லிமீட்டர் இடுக்கும் முக்கியம். இரண்டாவது வேலைக்கு அது அவ்வளவு பெரிய விஷயமல்ல. 25 மில்லிமீட்டர் துளையில் வைத்த ரப்பர்தான் விஷயம். பட்டறையில் இந்த வேறுபாடு தெரியாமல் இடுக்குக்கு அரைக் குழாய் சீலன்ட் செலவழித்துவிட்டு ரப்பரை அப்படியே விட்டுவிடுவார்கள்.

5. துளைகள்

5.1 துளை போடுதல்

எவர்சில்வரில் துளையிடுவது அலுமினியத்தில் பழகிய கைக்கு எரிச்சல் தரும். வேகமாகச் சுற்றினால் அந்த இடம் தேய்ந்து சூடாகி, உலோகம் இறுகிவிடும். இறுகிய பின் எந்த பிட்டும் ஏறாது. மெதுவான சுற்று, கனத்த அழுத்தம், ஒரு சொட்டு வெட்டு எண்ணெய், கோபால்ட் பிட். சுருள் தொடர்ந்து வர வேண்டும். சுருள் நின்று தூள் வந்தால் நிறுத்திவிட்டுப் பிட்டைப் பாருங்கள். பெரிய துளைக்குப் படிப்படியாக அகலும் பிட்டோ, போல்ட்டை முறுக்கித் தகட்டை வெட்டும் பஞ்ச் கருவியோ போதும். பிறகு பிசிறு எடுப்பது. இந்தத் தகட்டின் பிசிறு சவரக் கத்திக்குச் சமம். கம்பியின் உறையையும் அறுக்கும், விரலையும் அறுக்கும்.

துளை போடுமுன் மறுபக்கத்தைப் பாருங்கள் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் விறைப்புச் சட்டத்தின் நடுவில் விழுந்த துளைகள் உலகில் ஏராளம்.

5.2 கம்பிக் கற்றை

கார்களில் செய்வது போலத் துளையில் ரப்பர் வளையம் மாட்டிக் கம்பிகளை இழுத்துவிடுவது பழைய வழக்கம். நேரடிச் சுடரில் ரப்பர் நெடுநேரம் நிற்காது. ரப்பர் போனபின் எஞ்சுவது ஒரு ரூபாய் நாணயம் அளவு திறந்த துளை, அதுவும் எரியும் உறைகளோடு. குறைந்தபட்ச வைத்தியம், வளையத்தின் மேல் இரண்டு அரைவட்ட எஃகு மூடிகளை எதிரெதிராக வைத்துத் திருகிவிடுவது. கம்பிக்கு மட்டும் இடம் விட்டு ரப்பரை அது மறைக்கும்.

இதைவிட நல்ல வழி உண்டு. அடியில் தட்டு வைத்த எவர்சில்வர் குழாய் ஒன்றைத் தீச்சுவரில் போல்ட் செய்து, கம்பிக் கற்றையை அதன் வழியே விட்டு, சிலிகோன் பூசிய கண்ணாடியிழை உறையைக் குழாயின் மேல் மாட்டி, ஒரு முனையைக் குழாயோடும் மறுமுனையைக் கம்பிகளோடும் எஃகுக் கிளாம்ப்பால் இறுக்க வேண்டும். நடுவில் உள்ள இடைவெளியில் தீச்சீலன்ட். சுடர் வந்தால் வெளியே இருக்கும் கம்பிகள் எரியும், உறை கற்றையைப் பிடித்துக்கொள்ளும், எஃகு நிற்கும். இங்கே சீலன்ட் துணைதான், தாங்குவது குழாய்.

அந்தக் குழாயும் தட்டும் எங்கே கிடைக்கும்? குளியலறைச் சாமான் கடையில். துண்டு போடும் கம்பியைச் சுவரில் பிடித்து நிறுத்தும் அடித்தட்டையும் துண்டுக் குழாயையும் வெட்டி எடுத்து இந்த வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். விமானச் சாமான் கடை விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும். எஃகுக்குத் தான் எந்தக் கடையில் விற்கப்பட்டோம் என்று தெரியாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: அதே பளபளப்பில் குரோம் பூசிய துத்தநாக வார்ப்பும் விற்கிறார்கள். துத்தநாகம் 420 செல்சியஸில் உருகிவிடும். காந்தம் இதற்கு உதவாது, ஏனென்றால் நல்ல எவர்சில்வரிலும் அது ஒட்டாது, துத்தநாகத்திலும் ஒட்டாது. பின்பக்கத்தில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் எஃகு. வெண்ணெய் போல இறங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மின்சாரத்தின் தரைக் கம்பியைச் சுவரின் வழியே விட வேண்டியதே இல்லை. ஒரு பித்தளை போல்ட்டைச் சுவரில் மாட்டி, இரு பக்கமும் பித்தளைத் தகடு வைத்து, அந்தந்தப் பக்கக் கம்பிகளை அந்தந்தப் பக்கத்தில் முடித்துவிடலாம். செம்பு சார்ந்த கலவையைப் பழைய விதியே ஏற்கிறது. ஒரு துளை குறைந்தது.

5.3 கட்டுப்பாட்டுக் கேபிள்கள்

த்ராட்டில், எரிபொருள் கலவை, காற்றாடி ஆகியவற்றின் கேபிள்கள் அசைபவை. எஞ்சின் குலுங்கும்போது கோணம் மாறும். பசை வைத்து இறுக்கினால் ஆறு மாதத்தில் பசை கிழியும். உருண்டைக் குமிழ் போன்ற, உள்ளே சுழலும் பிடிப்பு இதற்கென்றே உண்டு. அதில் அலுமினிய வகையும் எஃகு வகையும் இருக்கின்றன, பார்வைக்கு ஒன்று போல. எடை போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

5.4 திரவக் குழாய்கள்

எரிபொருள் குழாய் தீச்சுவரைக் கடக்கும் இடத்தில் ஒரு சுவரிணைப்பு இருக்கும். நீல நிறத்தில் வருவது அலுமினியம். கறுப்பில் வருவது எஃகு. நீலம் அழகு. ஆனால் தீச்சுவரில் கறுப்புத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் நீல இணைப்பு உருகினால் திறப்பது வெறும் துளையல்ல, பெட்ரோல் குழாயின் வாய். எரிபொருளை அடைக்கும் வால்வு கேபின் பக்கத்தில், கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால்தான் இவ்வளவு ஏற்பாட்டுக்கும் பொருள் உண்டு.

பலர் கோட்டை விடுவது பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தில். அது எஞ்சின் பக்கத்தில் தீச்சுவர் மேலேயே உட்கார்ந்திருக்கும். சிறு விமானங்களில் ஊற்றும் சிவப்பு பிரேக் எண்ணெய் பெட்ரோலிய வகை, நன்றாக எரியும். அதிலிருந்து பெடலுக்குப் போகும் குழாயைச் செலவைப் பார்த்துப் பிளாஸ்டிக்கில் போடுவதுண்டு. தீ வந்தால் குழாய் உருகி, கிண்ணத்தில் உள்ள எண்ணெய் தானாக விமானியின் காலடிக்கு வழியும். அரை மணி நேர வேலையில் உலோகக் குழாயாக மாற்றிவிடலாம்.

5.5 வெப்பக் காற்றுப் பெட்டி

தீச்சுவரின் துளைகளில் இதுதான் பெரியது. குளிர் நாட்டில் புகைபோக்கியைச் சுற்றிச் சூடான காற்றைக் கேபினுக்குள் விட 2 அங்குல வாயும் அதை மூட ஒரு மடலும் வைப்பார்கள். அந்தப் பெட்டியும் மடலும் அலுமினியத்தில் இருந்தால், கட்டுபவர் 0.015 எஃகில் சுவர் கட்டி அதன் நடுவில் அலுமினிய ஜன்னல் வைத்திருக்கிறார் என்று பொருள். எவர்சில்வர் பெட்டி கிடைக்கிறது. விலை கொஞ்சம் கூட. மாற்றாமல் விடுவதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

5.6 மூலைகள்

தகட்டின் ஓரங்களை மடித்து உடலின் அலுமினியத் தோலோடு ரிவெட் அடிக்கும்போது, இரு மடிப்புகள் சேரும் மூலையில் ஒரு சிறு முக்கோண ஓட்டை விழும். அதன் மேல் எஞ்சின் தாங்கியின் எஃகுத் துண்டு உட்காருவதால் கண்ணுக்குத் தெரியாது. தினசரி வேலையில் புகை நுழையும் முதல் வழி இதுதான். சீலன்ட்டை உள்ளிருந்து திணித்து, பெரிய ஓட்டைக்கு எவர்சில்வர் துண்டு வெட்டி வைத்து எஃகு ரிவெட்டில் பிடிக்கலாம். ஊசி இழுக்கும் பாப் ரிவெட்டின் நடுவில் துளை இருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. அதன் தலைக்கு ஒரு பொட்டு சீலன்ட்.

வேண்டாத துளைகளுக்கும் இதே வைத்தியம். வட்டத் துண்டு, எஃகு ரிவெட், நடுவே சீலன்ட். அலுமினிய நாடா ஒட்டி மூடியதைத் துளை அடைத்ததாகக் கணக்கில் எடுக்க முடியாது.

6. சீலன்ட்

6.1 எது எதற்கு

சந்தையில் நான்கு வகை கலந்து கிடக்கின்றன. எரிபொருள் தொட்டி கட்டும்போது பூசும் பாலிசல்ஃபைட் சீலன்ட் கொட்டகையில் மீதம் இருக்கும். அதைத் தீச்சுவரிலும் தடவிவிடுவார்கள். பெட்ரோலுக்கு அது அபாரம். தீக்கு அல்ல. இரண்டாவது, சிவப்பு ஆர்.டி.வி. சிலிகோன். நிறம்தான் இதன் விளம்பரம். தொடர்ச்சியாக 260 செல்சியஸும் இடையிடையே 315ம் தாங்கும். புகையைத் தடுக்க நன்று. 1093 சுடருக்கு முன் அதன் சிவப்புக்கு மரியாதை கிடையாது. தவிர, வினிகர் வாசனையோடு காயும் வகைகள் அமிலத்தை விடுகின்றன. செம்பு முனைகளையும் துத்தநாகப் பூச்சையும் அரிக்கும்.

மூன்றாவது, விமானத் தீச்சுவருக்கென்றே செய்தது. பழைய ராணுவத் தர எண் மில்-எஸ்-38249, புதிய தரம் ஏ.எம்.எஸ். 3374. குழாயில் இந்த எண்ணைத் தேடுங்கள். விலை அதிகம், வைத்திருக்கும் ஆயுள் குறைவு.

நான்காவதுதான் சுவாரசியமானது. கட்டடங்களில் குழாய் போகும் சுவர் ஓட்டைகளை அடைக்கும் தீத்தடுப்புச் சிலிகோன். 3எம் ஃபயர் பேரியர் 2000 போன்றவை. மலிவு என்பதால் கட்டுபவர்கள் பலர் இதையே வைக்கிறார்கள். ஃபயர்வால் என்ற சொல் கட்டடத்திலிருந்து வந்தது போலவே இந்தப் பசையும் வந்திருக்கிறது. ஆனால் இரண்டு இடத்துத் தீயும் ஒன்றல்ல. கட்டடச் சோதனை உலை 5 நிமிடத்தில் 538 செல்சியஸ், 10 நிமிடத்தில் 704, ஒரு மணி நேரத்தில் 927 என்று மெல்ல ஏறும். விமானச் சோதனைச் சுடர் முதல் நொடியிலேயே 1093. கட்டடத்தில் பசை விரற்கடை ஆழத்துக்கு அடைத்திருக்கும், இங்கே 0.38 மில்லிமீட்டர் தகட்டின் ஓரத்தில் ஒரு கோடு. 'இரண்டு மணி நேரம் தாங்கும்' என்று குழாயில் அச்சிட்டிருப்பது பொய்யல்ல, வேறு தீயைப் பற்றிய உண்மை. எஃகு உறுப்புகளுக்கு நடுவே மெல்லிய இடுக்கை நிரப்ப அதை வைக்கலாம் என்பது என் கருத்து. எஃகே இல்லாத துளையை அதைக் கொண்டு மூடக்கூடாது.

6.2 பூசும் கை

இரண்டு உலோகங்கள் சேரும் முகத்தில், சேர்க்குமுன் மெல்லப் பூசுவது ஒன்று. சேர்த்தபின் ஓரத்தில் கோடு போடுவது மற்றொன்று. இரண்டும் வேண்டும். ஓரக் கோடு பிய்ந்தால் உள்பூச்சு காக்கும்.

எவர்சில்வரில் கைரேகை எண்ணெய் இருந்தால் சிலிகோன் ஒட்டாது. தோலாக உரிந்து வரும். அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து, அது காயுமுன் உலர்ந்த துணியால் இன்னொரு துடைப்பு. தானாகக் காய விட்டால் கரைந்த எண்ணெய் அங்கேயே படியும். வழவழப்பான இடத்தை உரசிச் சற்றுச் சொரசொரப்பாக்கலாம், ஆனால் இரும்பு நாரால் அல்ல. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரின் துகள் எவர்சில்வரில் பதிந்து, பிறகு அந்தத் துகள் துருப்பிடித்து, 'எவர்சில்வரே துருப்பிடிக்கிறது' என்று கட்டியவரைக் கலங்க வைக்கும். பச்சை நிற நைலான் நார் போதும்.

கோட்டின் இரு பக்கமும் நாடா ஒட்டி, பசையை இட்டு, ஐஸ்கிரீம் குச்சியின் வளைந்த முனையால் ஒரே இழுப்பில் அழுத்தி, நாடாவை உடனே உரித்துவிட்டால் கோடு சீராக நிற்கும். ஒற்றைக் குழாய் சிலிகோன் காற்றின் ஈரத்தால் காய்வது. மேலே தோல் கட்டினாலும் உள்ளே பச்சையாக இருக்கும். விரற்கடை ஆழம் திணித்தால் நாட்கணக்கில் ஆகும்.

7. பூச்சு

வரிசை முக்கியம்: துளை, ரிவெட், பெயின்ட், கடைசியில் சிலிகோன். சிலிகோன் பட்ட இடத்தில் பெயின்ட் நிற்காது, வட்ட வட்டமாகக் குழி விழுந்து ஒதுங்கும். துடைத்தாலும் போகாது.

எஞ்சின் பக்கத்தில் பெயின்ட் வேண்டுமா? எவர்சில்வருக்குத் துருக்காப்புக்காக வேண்டியதில்லை. துத்தநாகம் பூசிய தகடு வைத்தவர்களுக்கும், அலுமினியம் தொடும் ஓரங்களுக்கும்தான் காப்புத் தேவை. எஃகும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரிபடும், ஆகவே இடையில் ப்ரைமரோ சீலன்ட்டோ இருக்கட்டும். வெள்ளை பூசினால் எண்ணெய்க் கசிவு சட்டென்று தெரியும் என்பார்கள். உண்மைதான். வெறும் எஃகைத் துடைத்து வைத்தாலும் தெரியும்.

கேபின் பக்கத்தில் பெயின்ட் வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். 3ஆம் பிரிவில் சொன்ன சிவந்த வட்டம் வந்தால் பெயின்ட் புகையும். சத்தத்தைக் குறைக்க ஒட்டும் நுரைப் பஞ்சு அதைவிட மோசம். பஞ்சு தீயைத் தாங்கும் என்று சான்றிதழ் இருந்தாலும் அதை ஒட்டிய பசைக்கு இருக்காது. வெப்பமும் சத்தமும் தாங்கவில்லை என்றால், காப்பு எஞ்சின் பக்கத்தில் இருக்கட்டும்: பீங்கான் இழை விரிப்பு, அதன் மேல் மெல்லிய எவர்சில்வர் படலம், ஓரம் முழுக்க மூடி, எண்ணெய் ஊறாதபடி. அப்போது தகடு சிவப்பதே தள்ளிப்போகும். எண்ணெய் ஊறிய விரிப்போ விளக்குத் திரி. ஓரம் மூடப் பொறுமை இல்லாதவர் விரிப்பே வைக்காமல் இருப்பது நல்லது.

8. சோதனை

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், இரண்டு பேரும் ஒரு இரவும் போதும். கொட்டகை விளக்குகளை அணைத்துவிட்டு ஒருவர் கேபினுக்குள் கால் வைக்கும் இடத்தில் தலையை நீட்டிப் படுக்க வேண்டும், மேலே ஒரு கறுப்புப் போர்வை. மற்றவர் எஞ்சின் பக்கத்திலிருந்து வலுவான டார்ச்சைத் தகட்டின் ஓரம் ஓரமாக, மெதுவாக நகர்த்த வேண்டும். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் ஆகும். பிறகு சுவர் நட்சத்திரம் பூத்த வானம் மாதிரி தெரியும். அடைத்துவிட்டோம் என்று நினைத்த மூலையில் ஒன்று, ரிவெட்டின் நடுவில் ஒன்று, போல்ட் வாஷரின் ஓரத்தில் பிறை போல் ஒன்று. உள்ளே இருப்பவர் ஒவ்வொன்றையும் சாக்பீஸால் வட்டமிட வேண்டும். விளக்கு கோணம் மாறினால் புதியவை தெரியும், ஆகவே இரண்டு சுற்று. வளைந்து செல்லும் இடுக்கில் ஒளி வராது, காற்று வரும்; அதற்குச் சோப்புத் தண்ணீரும் ஊதும் எந்திரமும் வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு.

ஒளி சோதிப்பது தினசரி வேலையை மட்டும். ஒருநாள் வேலைக்குச் சோதனை வேறு: ஒவ்வொரு துளையின் முன்னும் நின்று, ரப்பர், பிளாஸ்டிக், அலுமினியம், பசை நான்கையும் மனதால் எடுத்துவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மிச்சம் எஃகாக இருந்து துளையை மூடினால் அடுத்த துளைக்குப் போகலாம்.

இரண்டையும் எஞ்சினை ஏற்றுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். ஏற்றிய பிறகு தீச்சுவரின் கீழ் நடுப்பகுதிக்கும் தாங்கியின் பின் மூலைகளுக்கும் கை போகாது. அங்கே ஒரு ரிவெட் வைக்க எஞ்சினைத்தான் இறக்க வேண்டும்.